சிட்டுவின் கைக்கு ஒரு தும்பிக்கை

சிட்டுவை முதல்முறை பார்க்கிறவர்கள், அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பது வழக்கம். கம்பளம் கழுவ ஆள் வரும் என்று காத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் நாலடி எட்டு அங்குலத்தில் ஒரு பெண்மணி, தோளில் நீலக் குழாய்ச் சுருளோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"பின்னாடியும் ஒருத்தி வரா. எனக்கு வர வேண்டிய உயரத்தையும் சேத்து அவளே எடுத்துக்கிட்டா," என்பாள் சிட்டு.

சொல்லி வாய் மூடுவதற்குள் ஏணி வந்துவிடுவாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, சக்கரம் வைத்த மெஷினை ஒற்றைக் கையால் படியேற்றி, "எந்த ரூம்?" என்று மட்டும் கேட்பாள்.

ஏணி, சிட்டுவின் நாத்தனார். புருஷனின் கடைசித் தங்கை. ஆறடிக்கு ஓர் அங்குலம் கம்மி. பொத்தான் தொழிற்சாலையில், பொத்தானில் நாலு துளையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று காலை முதல் மாலை வரை பார்த்துப் பார்த்துச் சலித்தவள். "அண்ணி, இனிமே ஒரு பொத்தானப் பாத்தேன்னா முழுங்கிடுவேன்," என்று ஒரு நாள் வந்து நின்றாள். மறுநாளிலிருந்து வேன் ஓட்டுவது அவள் பொறுப்பு ஆயிற்று. இருவரும் சேர்ந்து கம்பளம் கழுவப் போக ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. சிட்டு அதற்கும் ஐந்து வருஷம் முன்பே தனியாகத் தொடங்கிவிட்டாள்.

அவள் தொடங்கிய கதையே வேடிக்கையானது. ஐந்து மாடி ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே நடைபாதைக் கம்பளங்களைக் கழுவும் மெஷினை ஓட்டிய ஆள், லீவில் ஊருக்குப் போனவன் போனவன்தான். அந்த வாரம் பார்த்து, மூன்றாவது மாடி நடைபாதையில் யாரோ ஒரு கூஜா திராட்சைச் சாற்றைக் கவிழ்த்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சிட்டு "நான் வேணா ஓட்டிப் பாக்கவா?" என்றாள். கறை போயிற்று. கறையோடு சேர்ந்து பல வருஷத்து அழுக்கும் போயிற்று. மெஷினின் வயிற்றைத் திறந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூட்டினாலும் துடைத்தாலும் அழுக்கு எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. இதில் கண்ணெதிரே வாளி வாளியாகப் போகிறது!

பிற்பாடு அந்த ஓட்டலை மூடினார்கள். சாமான்களை ஏலம் விட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கட்டிலும் மேசையும் எடுத்துக்கொண்டார்கள். சிட்டு நிலைக்கண்ணாடி வாங்கி வருவதாகப் போய்விட்டு, மெஷினைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"இதுல மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. ஆனா நாலு வீட்டுத் தரை தெரியும்."

அப்படித் தொடங்கியதுதான். முதலில் பக்கத்துத் தெரு, பிறகு பல் டாக்டர்களின் காத்திருப்பு அறைகள், பிறகு அலுவலகங்கள், ஒரு தியேட்டர்கூட.

அந்த மெஷினிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி, நீளமான எஃகுத் தண்டு ஒன்றில் வந்து சேரும். தண்டின் அடியில் ஓர் அடி அகலத்துக்குத் தட்டையான வாய். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தி முன்னால் தள்ளினால் சோப்பு கலந்த வெந்நீர் கம்பளத்தில் பீய்ச்சும். விசையை விட்டுப் பின்னால் இழுத்தால் அந்தத் தண்ணீரை வாய் அழுக்கோடு உறிஞ்சிக்கொள்ளும். கடையில் அதை வாண்ட் என்பார்கள். பீய்ச்சவும் உறிஞ்சவும் தெரிந்த நீள மூக்குக்குச் சிட்டுவின் வீட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? தும்பிக்கை.

தும்பிக்கை மெஷினோடு சேர்ந்து வந்தது. ஓட்டல் ஆளின் உயரத்துக்கு வாங்கியது. சிட்டு பிடித்தால் கைப்பிடி அவள் மார்புக்கு நேரே நிற்கும். தண்டின் நுனி காதை உரசும். ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கி, குதிகாலை எம்பி இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் இழுப்பாவது இருக்கும். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இழுத்தாள். தண்டு நீளமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் குட்டையாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் தலை பின்னக் கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

பிசியோ டாக்டர் ஓர் இளவயதுப் பெண். படபடவென்று பேசுகிறவள். "என்ன வேலை பாக்கறீங்க? செஞ்சு காட்டுங்க," என்றாள். சிட்டு அங்கிருந்த குடையை எடுத்துச் செய்து காட்டினாள். டாக்டருக்குப் புரியவில்லை. "அந்தச் சாமானையே கொண்டு வாங்களேன்."

அடுத்த முறை தும்பிக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். காத்திருந்த நோயாளிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், "இதெல்லாம் எந்த வைத்தியத்துக்கும்மா?" என்று கவலையோடு கேட்டார். டாக்டர் அவளைப் பத்து முறை இழுக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க தோள்ல ஒரு தப்பும் இல்ல. இந்தத் தடிதான் தப்பு. இத்தன வருஷமா இதத் தூக்கிட்டா சுத்தறீங்க?"

"மெஷினோட வந்ததும்மா."

"கைப்பிடி இடுப்புக்கிட்ட வரணும். முழங்கை விலாவ விட்டுப் பிரியக் கூடாது." ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்துச் சிட்டுவின் அக்குளில் செருகினாள். "இத இடுக்கிக்கிட்டே இழுங்க. துண்டு விழாம எந்தச் சாமான்ல வேலை செய்ய முடியுதோ, அதுதான் உங்களுக்குச் சரி. விழுந்தா அந்தச் சாமானத் தொடாதீங்க."

சிட்டு இழுத்தாள். முதல் இழுப்பிலேயே துண்டு தரையில் கிடந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது புருஷன் சிரித்தார். "இவ்வளவுதானா? எங்க டிப்போவுல ஸ்டியரிங்கே உசத்தித் தாழ்த்தி மாட்டறோம். இந்தத் தடியக் குட்டையாக்கறது ஒரு வேலையா?" ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரம்பத்தோடு உட்கார்ந்தார். தண்டின் நடுவில் ஒரு சாண் துண்டை அறுத்தெடுத்து, இரண்டு பக்கத்தையும் பஸ் ரேடியேட்டரின் ரப்பர்க் குழாயால் இணைத்து, இறுக்கி முடுக்கினார். பார்ப்பதற்கு எலும்பு முறிந்து கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. துண்டு விழவில்லை. சிட்டுவுக்கு ஒரே ஆனந்தம்.

மறுநாள் நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் வீட்டில் வேலை. மெஷினைப் போட்டதுதான் தாமதம், ரப்பர் இணைப்பில் காற்று புகுந்து தும்பிக்கை விசில் அடிக்க ஆரம்பித்தது. சாதாரண விசில் இல்லை. காதைத் துளைக்கிற விசில். அந்த வீட்டு நாய் சோபாவுக்கு அடியிலிருந்து புறப்பட்டு வந்து, முகத்தை மேலே தூக்கி ஊளையிட்டது. சிட்டு இழுக்கும்போதெல்லாம் நாய் பாடியது, நிறுத்தினால் நிறுத்தியது. பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. மாடியிலிருந்து பயிற்சியாளர், நீச்சல் குளத்தில் விசில் கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதர், பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார்.

"யாரு? யாரு விசில் அடிச்சது?"

ஏணி தும்பிக்கையைக் காட்டினாள். அவள் முறை வந்தபோது நிலைமை இன்னும் மோசம். அறுத்துக் குட்டையாக்கியதில் அவள் கேள்விக்குறி மாதிரி வளைந்து இழுக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். உறிஞ்சும் வேகமும் பாதியாகக் குறைந்து, கம்பளம் சொதசொதவென்று கிடந்தது. கடைசியில் பழைய துணிகளைப் போட்டு மிதித்து மிதித்து ஈரத்தை எடுத்தார்கள். நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

திரும்பும் வழியில் வேனுக்குள் இருவரும் சிரித்த சிரிப்பில் ஏணி ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். சிரித்து ஓய்ந்ததும் சிட்டு சொன்னாள்: "புதுசு வாங்கிடுவோம்டி. வர்ற சனிக்கிழமை நூலகம் இருக்கு. இத எடுத்துட்டுப் போனா அங்க இருக்கற புஸ்தகமெல்லாம் ஊளையிடும்."

நூலக வேலை பெரியது. வெள்ளையடித்துப் பழுது பார்ப்பதற்காக மூன்று மாதம் மூடியிருந்த நூலகம், திங்கட்கிழமை திறக்கிறது. படிக்கும் கூடம் முழுக்கக் கம்பளம். சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். பம்புகளும் மோட்டார்களும் விற்கிற தெருவில், முதல் மாடியில் இருந்தது அந்தக் கடை. சுவர் நெடுகத் தும்பிக்கைகள் வரிசையாகத் தொங்கின. சிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒன்றுக்கு மேல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை இருக்கும் என்று தெரியாது.

வழவழவென்று தலை வாரியிருந்த கடைக்காரர் நேராக ஏணியிடம் போனார். "வாங்க மேடம். எத்தன ஜெட் வேணும்? ரெண்டா, நாலா?"

"என்னைக் கேக்காதீங்க. எங்க ஓனர் கீழ இருக்காங்க."

கடைக்காரர் மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவு கீழ இல்ல. இங்கதான்," என்றாள் சிட்டு, அவர் முழங்கைக்கு அருகிலிருந்து.

அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு, சுவரிலிருந்து மிகப் பெரியதை எடுத்தார். தண்ணீர் பீய்ச்ச நாலு முனை, பதினாலு அங்குல வாய், பளபளக்கும் எஃகு. "இதுதான் இப்ப எல்லாரும் வாங்கறது. அகலம் ஜாஸ்தி, அதனால வேலை சீக்கிரம் முடியும். பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டு இதத்தான் எடுப்பாங்க."

"நாங்க கண்ணத் தொறந்து பாத்துட்டு எடுக்கறோம். தண்ணி வச்சு ஓட்டிப் பாக்கலாமா?"

"ஓட்டியா? எங்க?"

சிட்டு தரையைப் பார்த்தாள். கடை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம் விரித்திருந்தது.

"இங்கதான். காட்சிக்கு ஒரு மெஷின் வச்சிருக்கீங்கல்ல?"

அந்தக் கடையில் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து பில் புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிர்ந்தாள். "கேக்கறாங்கல்ல, குடுங்களேன். ஓட்டிப் பாக்காம வாங்கறதுக்கு இது என்ன ஊறுகா ஜாடியா?"

சிட்டு பையிலிருந்து துண்டை எடுத்து நாலாக மடித்து அக்குளில் இடுக்கினாள். கடைக்காரர் துண்டை ஒரு முறை பார்த்துவிட்டு, காட்சி மெஷினில் தண்ணீர் நிரப்பினார்.

நாலு முனைத் தும்பிக்கை முதலில். அகலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது இழுப்பில் துண்டு விழுந்தது. பாரம் வேறு. இழுத்த இடத்தில் சிட்டு ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்து வைத்து அதன் மேல் ஏறி நின்றாள். எடுத்துப் பார்த்தால் நனைந்து தொங்கியது.

"எங்க மெஷின் சின்னது. நாலு மூக்குல தண்ணி விட்டா அதால உறிஞ்ச முடியாது. கம்பளம் குளிச்சிட்டு நிக்கும். துவட்டறது யாரு?"

"இல்ல மேடம், கம்பெனிக்காரன் என்ன சொல்றான்னா..."

"கம்பெனிக்காரன் வந்து துவட்டுவானா?" என்றாள் ஏணி.

அடுத்தது அலுமினியம். இறகு மாதிரி லேசு. ஆனால் அதன் வாய் கம்பளத்தைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. மெஷின் இழுக்கிற இழுப்பில் தும்பிக்கை தரையோடு ஒட்டிக்கொள்ள, அதைப் பிய்த்துப் பிய்த்து நகர்த்த வேண்டியிருந்தது. மூன்றாவதின் வாயில் வெள்ளைப் பிளாஸ்டிக் உதடு ஒன்று மாட்டியிருந்தது. உதடு நெடுகச் சின்னத் துளைகள். அது கம்பளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. சிட்டுவுக்கு வாயெல்லாம் பல். காகிதமும் அவ்வளவாக நனையவில்லை. ஆனால் தண்டு நீளம்; துண்டு விழுந்தது. நாலாவது, துண்டு விழாத குட்டைத் தண்டு. அதை ஏணி வாங்கி இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் கேள்விக்குறி.

ஏணி அதைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இதையே எடுங்க அண்ணி. தோள்வலி உங்களுக்குத்தானே. நான் குனிஞ்சுக்கறேன். எனக்கென்ன, வயசிருக்கு."

சிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்ப்பது அவளுக்குப் புதிதல்ல; அன்றைக்குப் பார்த்தது வேறு மாதிரி.

"பன்னண்டு வருஷம் நான் எம்பினது போதாதாடி? இனிமே நீ பன்னண்டு வருஷம் குனியணுமா? அப்புறம் பிசியோ டாக்டர்கிட்ட யாரு போறது, உங்க அண்ணனா? ரெண்டு பேருக்கும் சரியா இருக்கறது கிடைச்சா வாங்குவோம். இல்லன்னா துணியப் போட்டு மிதிப்போம்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணா? அது எப்படி..."

"அந்த டிரம்முக்குப் பின்னாடி ஒண்ணு கெடக்கே," என்றாள் மனைவி.

"அதுவா? அது பழைய மாடல். யாரும் தொடறதில்ல."

யாரும் தொடாததற்குக் காரணம், யார் கண்ணுக்கும் அது தெரியாததுதான். தூசி தட்டி எடுத்து வந்தார். தண்டு இரண்டு பாகம். மேல்பாகம் கீழ்ப்பாகத்துக்குள் நுழையும். ஒரு திருகைத் தளர்த்தினால் வேண்டிய நீளத்தில் நிறுத்தலாம். கைப்பிடியும் அதே மாதிரி மேலும் கீழும் நகர்ந்தது. தண்ணீர் பீய்ச்ச இரண்டே முனை. சிட்டு குட்டையாக்கி, இடுப்பளவில் கைப்பிடியை நிறுத்தி, மெஷினைப் போட்டதும் முதல் காரியமாகத் தண்டின் இணைப்பில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை, உள்ளே ரப்பர் வளையம் பிடிப்பாக இருந்தது. பத்து இழுப்பு இழுத்தாள். துண்டு அசையவில்லை. ஏணி வாங்கி நீளமாக்கி இழுத்தாள். நேராக நின்றுகொண்டு, ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

ஒரு குறைதான். வாய் வெறும் எஃகு. அலுமினியம் மாதிரியே கவ்வியது.

"அந்த வெள்ளை உதட்ட இதுல மாட்ட முடியாதா?" என்று கேட்டாள் சிட்டு.

"அது வேற கம்பெனி மேடம். திருகாணித் துளை பொருந்தாது."

ஏணி உதட்டைக் கையில் வாங்கினாள். வாயருகே வைத்துக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பினாள், அவ்வளவுதான். "நாலுல மூணு துளை சரியாப் பொருந்தும். ஓரத் துளை மட்டும் ஒரு நூல் தள்ளி இருக்கு. லேசாத் தேச்சா உக்காரும்." பொத்தான் தொழிற்சாலையில் சலித்துப்போன அந்தக் கண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது. கடைக்காரர் நம்பாமல் அரத்தை எடுத்துத் தேய்த்தார். உதடு போய் உட்கார்ந்தது, அதற்கென்றே செய்த மாதிரி.

அப்போதுதான் கல்லாவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"ஐயையோ, இங்க பாருங்க! தரையப் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். ஐந்து தும்பிக்கையும் ஓடிய ஐந்து பட்டைகள் சாம்பல் நிறக் கம்பளத்தின் நடுவே பளிச்சென்று தெரிந்தன. அவை சாம்பல் நிறமில்லை. நல்ல பச்சை.

"நான் சொன்னனா இல்லையா?" மனைவி கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டாள். "பச்சக் கம்பளம் வாங்கிப் போட்டோம்னு எத்தன தடவ சொன்னேன்? இந்த மனுஷன் சாம்பல்தான், சாம்பல்தான்னு சாதிச்சாரு. எனக்குக் கண்ணே சரியில்லன்னாரு. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் கண்ணாடியே வாங்கிக் குடுத்தாரு!"

கடைக்காரர் பச்சைப் பட்டையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்பளம் கழுவற மெஷினத்தானே விக்கறோம், கம்பளத்தயா கழுவறோம்..." என்று முனகினார்.

"வரி வரியா இப்படியே விட்டா வர்றவங்க சிரிப்பாங்க," என்றாள் சிட்டு, தானும் சிரித்துக்கொண்டே. "மிச்சத்தையும் கழுவித் தரேன். புதுத் தும்பிக்கைக்கு ஒத்திகையா இருக்கும்."

அன்று பிற்பகல் முழுக்க அங்கேதான் வேலை. இருபது நிமிஷம் சிட்டு, இருபது நிமிஷம் ஏணி. மாறும்போதெல்லாம் திருகைத் தளர்த்தி ஓர் இழுப்பு அல்லது ஓர் அமுக்கு, பிறகு ஒரு முடுக்கு. பழைய தும்பிக்கையோடு எம்பி எம்பி நடந்த கால், தட்டையாக ஊன்றி நடக்கக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஐந்து மணிக்குக் கடை பச்சைப் பசேலென்று கிடந்தது. கடைக்காரர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நடந்து பார்த்தாள். கணவர் பேரமே பேசாமல் விலையைக் குறைத்துக்கொண்டார். கூடவே இன்னொரு வெள்ளை உதட்டையும் பையில் போட்டார். "இதுவும் இருக்கட்டும்மா. தேயும், தேஞ்சா மாத்திக்கலாம்." மேடம் எப்போது அம்மாவாக மாறியது என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் புருஷன் புதுத் தும்பிக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேல்பாகத்தை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, திருகை முடுக்கிப் பார்த்தார். "இதத்தான் நானும் செஞ்சேன்," என்றார் முடிவாக. "இவன் ரப்பர உள்ள வச்சிருக்கான், நான் வெளிய வச்சேன். அவ்வளவுதான் வித்தியாசம்." அறுத்த பழைய தும்பிக்கையை அவர் தூக்கிப் போடவில்லை. பாகற்கொடி ஏறுவதற்குக் கொல்லையில் நட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் ஒரு மெலிந்த அம்மாள். முப்பது வருஷமாக மெல்லப் பேசிப் பேசி, குரலே அப்படி ஆகிவிட்டது. மெஷின் கர்ஜித்துக்கொண்டிருக்கும்போதும் பக்கத்தில் வந்து கிசுகிசுவென்றுதான் பேசுவார்.

"என்னம்மா சொல்றீங்க?" என்று கத்துவாள் ஏணி.

நூலகர் உதட்டில் விரலை வைப்பார். யாருமே இல்லாத கூடத்திலும் ஏணி நாக்கைக் கடித்துக்கொள்வாள். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னது "டீ ஆறுது" என்பது.

மூன்று மாதச் சுண்ணாம்புத் தூள், தச்சர்கள் சிந்திய மரத்தூள், அதற்கு முன்பு பல வருஷம் வாசகர்கள் கொண்டுவந்து சேர்த்த தெருமண் எல்லாம் கம்பளத்தில் இருந்தன. வருகிறவர்கள் கால் வைத்து வைத்து, மேசைகளுக்கு அடியில் மட்டும் ஜோடி ஜோடியாகக் கறுப்புத் திட்டுகள். "இங்க உக்காந்தவன் கால ஆட்டிக்கிட்டே படிப்பான்," என்று ஒரு மேசையைக் காட்டிச் சொன்னாள் சிட்டு. நூலகர் ஆச்சரியப்பட்டுப் போனார். அங்கே தினமும் வருகிற ஓய்வுபெற்ற கணக்காளரிடம், கால் ஆட்டுவதை நிறுத்தச் சொல்லி எத்தனை முறை சாடை காட்டியிருக்கிறாரோ, அவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பாதிக் கூடம், ஞாயிற்றுக்கிழமை மீதி. ஒன்பது முறை மெஷினின் வயிற்றைத் திறந்து கறுப்புத் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒவ்வொரு முறையும் சிட்டு குனிந்து பார்த்து, "எவ்வளவு பாரேன், எவ்வளவு பாரேன்," என்று பெருமைப்பட்டாள். ஞாயிறு மாலை நூலகர் காகிதக் கைக்குட்டையைத் தானே கேட்டு வாங்கி, மடித்து வைத்து, அதன் மேல் ஏறி நின்றார். எடுத்துப் பார்த்தார். அரைகுறை ஈரம்தான். வேனில் கொண்டுவந்த காற்றாடிகளை ஓடவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். அவர் முகத்தில் வந்த சிரிப்புக்கு மட்டும் கிசுகிசுப்பு இல்லை.

திங்கட்கிழமை காலையில் காற்றாடிகளை எடுத்துப் போக இருவரும் வந்தார்கள். கதவு திறந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மேசைகளில் ஆட்கள். கம்பளம் கருநீலத்தில், யாரோ புதிதாக விரித்த மாதிரி கிடந்தது. ஒருவர் வாசலில் செருப்பைத் துடை துடை என்று துடைத்துவிட்டு உள்ளே வந்ததைச் சிட்டு நின்று பார்த்தாள்.

நூலகர் இரண்டு படிவங்களை நீட்டினார். "உறுப்பினர் ஆகிக்குங்க. ரெண்டு பேரும்."

"எனக்கெதுக்கும்மா? புஸ்தகம் படிச்சு நாளாச்சு."

"அதான் சொல்றேன்."

சிட்டு பேனாவை வாங்கினாள். பெயர், முகவரி எழுதினாள். தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். ஓட்டலில் இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கட்டத்தில் 'துப்புரவு' என்று எழுதிக் கொடுப்பார்கள். அவள் 'கம்பளக்காரி' என்று எழுதிவிட்டு, நூலகரைப் பார்த்தாள். நூலகர் படித்துவிட்டு, முத்திரை குத்தினார்.

ஏணி அதற்குள் சாலை வரைபடங்கள் அலமாரிக்குப் போய், எவருக்கும் எட்டாத மேல்தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை இறக்கிக்கொண்டாள். காற்றாடிகளையும் அவளே வேனுக்குத் தூக்கிப் போனாள். சிட்டுவுக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை. ஒன்றை எடுத்தாள், நாலு பக்கம் பார்த்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கையில் எடை பார்த்தாள். எழுத்து பொடியாக இருந்தால் வைத்துவிட்டாள். கடைசியில் கடல் மீன்களைப் பற்றி, படம் போட்ட புத்தகம் ஒன்று பிடித்துப்போயிற்று. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தாள். கால் தரையைத் தொடவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. தும்பிக்கை மாதிரியே நீள மூக்கு வைத்த மீன் ஒன்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

வெளியே ஏணி பொறுமையிழந்து ஹாரன் அடித்தாள். கூடத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. நூலகர் ஜன்னலருகே போய் வேனைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். சிட்டு புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். தோள் வலிக்கவில்லை.